வனஜாவுக்குத் தலை ஆடி

மார்ச் 9, ஞாயிறு

சாயப்பட்டறைக்காரர் ஒருவர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பிரிக்காமல் கிடந்தது. என்னுடையது எதையும் எறியாத தொழில். திருப்பூர் பனியன் கம்பெனிகள் வெட்டித் தள்ளும் துண்டுத் துணியை வாங்கித் தரம் பிரித்து, மெஷின் துடைக்க ஒர்க் ஷாப்புகளுக்கு விற்கிறேன். எழுதாத டைரியும் வேஸ்ட் சரக்குதான். அதனால் எழுதுகிறேன்.

இன்று கோயமுத்தூர் ஆர்.எஸ். புரத்தில் ஒரு பழைய வீடு பார்த்தேன். குடோனுக்கு மேலேயே குடியிருந்து பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது, காற்றுள்ள இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காரணம் அதுதான். புரோக்கர் பூபதி கூட்டிப்போனான். அவன் நிலமும் பார்ப்பான், கல்யாணத்துக்கு வரனும் பார்ப்பான். பத்திர நகலும் ஜாதகமும் ஒரே பையில் கிடக்கும்.

ஐம்பத்தொன்றில் கட்டிய வீடு. கேட் தூணில் ‘வனஜா’ என்று சிமென்டிலேயே எழுதியிருக்கிறது. முன்பக்கம் வட்டமாக வளைந்த வராந்தா, சிவப்பு ஆக்சைடு தரை, ஜன்னலுக்கு மேலே பச்சையும் ஊதாவுமாகக் கண்ணாடி. சொந்தக்காரர் திருவேங்கடசாமி, மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். அவர் சம்சாரம் வத்சலா. பிள்ளைகள் இல்லை. அந்தம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வடவள்ளிப் பக்கம் லிப்ட் வைத்த ஃபிளாட்டுக்குப் போகிறார்கள்.

உட்காரச் சொல்லி, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தார்கள். வீடு பார்க்கப் போன இடத்தில் எனக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

“பொண்ணு கொஞ்சம் பழைய காலத்துப் பொண்ணுங்க,” என்றார் அவர்.

“யாருங்க?”

“வனஜாதானுங்க.” சுவரைத் தட்டிக்கொடுத்தார்.

சரி, வயதானவர் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். “மேல ஒழுகுங்களா?”

“ஐப்பசி, கார்த்திகைல கொஞ்சம் சளி புடிக்கும். யாருக்குத்தான் புடிக்கல?”

“காலிங் பெல் அடிக்கலீங்களே.”

“ஒரு காது மந்தம். சின்ன வயசுலருந்தே அப்படித்தானுங்க.”

பின்கட்டுக் கதவு திறக்கவில்லை. “கோவம் வந்தா சாத்திக்குவா,” என்று தோளைக் கொடுத்து மெதுவாகத் தள்ளினார். “அதட்டக் கூடாதுங்க. செல்லமா வளர்ந்தவ.”

பூபதி என்னைப் பார்க்காமல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடி அறையில் மேற்கு ஜன்னலைத் திறந்தேன். பின் சந்தில் ஒரு நாய் ஆஸ்பத்திரி தெரிகிறது. ‘டாக்டர் லியோ சகாயம், கால்நடை மருத்துவர்’ என்று போர்டு. காற்று நன்றாக வருகிறது.

மார்ச் 10, திங்கள்

வேண்டாம் என்று பூபதியிடம் சொல்லிவிட்டேன். வீட்டைப் பெண் என்கிற ஆளிடம் என்னவென்று வியாபாரம் பேசுவது?

மார்ச் 12, புதன்

இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன். சாயங்காலமும் மேற்குக் காற்று வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வருகிறது. நாய் ஆஸ்பத்திரி மாடியில் ஒரு பச்சை நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் தரத் துணி. நாலு தரம் துவைத்தால் கழுத்து தொங்கிவிடும். கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்து வாங்கு என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

பூபதி சாய்பாபா காலனியில் ஒன்று, வடகோவையில் ஒன்று, சரவணம்பட்டியில் புதுசாக ஒன்று காட்டினான். மூன்றும் விலை குறைவு, மூன்றிலும் பெல் அடிக்கிறது. முதலாவதில் படி செங்குத்து. அடுத்ததில் எதிர்வீட்டுக்காரன் முகம் சரியில்லை. கடைசி வீட்டில் குறை ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் பிடிக்கவில்லை.

திரும்பும்போது காரில் பூபதி சொன்னான்: “அக்கா, நெசத்தச் சொல்லுங்க. நம்ம தாரணி பாப்பா கட்டிக்கிட்டுப் போன நாய் டாக்டரு வீடு அந்தச் சந்துலதானுங்களே…”

“பூபதி, உனக்குக் கமிஷன் வேணுமா, பேச்சு வேணுமா?”

“கமிஷனுங்க.”

மூன்று வருஷமாக அந்தப் பேச்சை என் முன்னால் யாரும் எடுப்பதில்லை. என் பெண் அவளாகப் பார்த்துக்கொண்ட இடம். அவளாகவே இருந்துகொள்ளட்டும் என்று விட்டாயிற்று. அதில் எழுத ஒன்றும் இல்லை.

வனஜாவையே பேசி முடிக்கச் சொன்னேன். ஆக்சைடு தரை இப்போது எங்கே கிடைக்கிறது?

மார்ச் 16, ஞாயிறு

இப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

திருவேங்கடசாமி வனஜாவுக்கு ஜாதகம் வைத்திருக்கிறார். கிரகப்பிரவேசம் நடந்த நேரத்தை வைத்து அவருடைய அப்பா காலத்தில் எழுதியதாம். பொருத்தம் பார்க்காமல் கொடுக்க மாட்டாராம். மாப்பிள்ளை ஜாதகம் கேட்டார்.

“மாப்பிள்ளைக்கு நான் எங்கீங்க போவேன்? எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷம் பதினெட்டாச்சு.”

“வீடு யார் பேர்ல பதிவாகுதுங்க?”

“கம்பெனி பேர்ல. மயில் வேஸ்ட் டிரேடர்ஸ். வரிக் கணக்குக்கு அதுதான் தோது.”

“அப்ப அவர்தான் மாப்பிள்ளை,” என்றார். கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. “நீங்க மாமியா.”

மயிலாத்தாள் என்கிற நான், ஐம்பத்தேழு வயதில், ஒரு வீட்டுக்கு மாமியார்.

காந்திபுரத்தில் ஒரு ஜோசியரிடம் போனோம். கம்பெனி எப்போது பிறந்தது என்று கேட்டார். ஒரு ஆவணி வெள்ளிக்கிழமை காலையில் முதல் மூட்டையைத் தலையில் சுமந்துபோய் ஒரு லேத் பட்டறையில் விற்றேன், அந்த நேரத்தைச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பையனுக்குச் செவ்வாய் தோஷம். பெண்ணுக்கும் இருக்கிறது, அதனால் சரியாகிவிட்டது. குழந்தை பாக்கியம் சுமார். பத்துக்கு ஏழு பொருத்தம்.

“ஒரே ஒரு விசயம்,” என்றார். “பொண்ணு ஆயில்யம். ஆயில்யத்து மருமக மாமியாள வாசல்ல நிறுத்தும்.”

“நான் கம்பெனி வாசல் வாசலா நின்னுதாங்க முன்னுக்கு வந்தேன்,” என்றேன். “இன்னொரு வாசல்னா என்ன?”

மார்ச் 23, ஞாயிறு

பேரம் முடிந்தது. இந்த ஜென்மத்தில் நான் பேசியதிலேயே சுலபமான பேரம்.

அவர் வீட்டைப் பெண் என்கிறார் அல்லவா? சரி என்று நானும் அந்தப் பாதையிலேயே போனேன். மாப்பிள்ளை வீட்டுக்காரியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். “எங்க பையன் சொந்தக் கால்ல நின்னவன். கடன் கிடையாது. இந்த மாதிரி இடம் உங்களுக்குக் கிடைக்குமுங்களா?” என்றேன். அவர் முகத்தில் பயம் வந்துவிட்டது. கேட்ட விலையில் அவராகவே இறங்கினார். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் கறாராகப் பேசக் கூடாதாம்.

“சீர் என்ன செய்வீங்க?” என்றேன். ஈட்டி மர அலமாரி, தாமிர பாய்லர், மாடியில் இருந்த இரண்டு கட்டில் எல்லாம் வந்துவிட்டது. தோட்டத்து மாமரத்தையும் சீரில் சேர்த்தார். மரம் எப்படியும் எனக்குத்தான் என்று நான் சொல்லவில்லை.

வத்சலாம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்குக் கால்தான் சரியில்லை, கண் நன்றாக இருக்கிறது.

“சீரெல்லாம் நாங்க செய்யறோம். நீங்க முறை செய்வீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் கொறை வைக்க மாட்டனுங்க. ஆடி, தீபாவளி, பொங்கல், எல்லா முறையும்.”

“எல்லாமும்ங்களா?”

“வாக்குன்னா வாக்குங்க.”

“உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?”

“ஒரு பொண்ணு.”

“எங்க குடுத்திருக்கீங்க?”

“இங்கதான். கோயமுத்தூர்ல.”

“அப்ப ஆடிக்கெல்லாம் வந்து போவாளா?”

“பஜ்ஜில ஓமம் போட்டிருக்கீங்களா? நல்லா இருக்குதுங்க,” என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

கோடை மழை. ஒரு லோடு வெள்ளை வேஸ்ட் நனைந்துவிட்டது. காயப் போட இடமில்லாமல் மேல் வீட்டு ஹாலில் பரப்பினேன். ஜூனில் நான் கோயமுத்தூர் போனதும் மேல் வீடு முழுவதையும் குடோனாக்கிவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

திருவேங்கடசாமி போன் செய்தார். மாப்பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார். மாப்பிள்ளையின் லெட்டர் பேடு ஊதா என்றேன். கேட்டுக்கு ஊதா அடிக்கிறாராம்.

ஜூன் 5, வியாழன்

பத்திரம் பதிவானது. அவர் பட்டு வேட்டியில் வந்தார், அந்தம்மா பெரிய ஜரிகைச் சேலையில் வந்தார். பூபதி நாலு மாலையோடு வந்தான். யாருக்கென்று கேட்டால், “இருக்கட்டுங்க்கா, பழக்கத்துல வாங்கிட்டேன்,” என்கிறான். மாலையைப் பார்த்துவிட்டு வாசலில் இருந்த ஆள் எங்களைக் கல்யாணப் பதிவு வரிசையில் உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் ஒரு ஜோடி, இருபது வயதுதான் இருக்கும், சாட்சிக்கு ஆள் இல்லாமல் நின்றார்கள். வத்சலாம்மா தானாகவே போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு கையெழுத்துக்கு என்னைப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். பூபதி போட்டான்.

கண்ணாடி பையில்தான் இருந்தது. தெரியாதவர்கள் விஷயத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது தொழில் பாடம்.

எங்கள் முறை வந்து கைரேகை வைத்தபோது திருவேங்கடசாமி தேம்பி அழுதார். “வேலை தெரியாத பொண்ணுங்க. பார்த்துக்கங்க,” என்றார். பதிவாளர் எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஜூன் 6, வெள்ளி

பால் காய்ச்சினேன். பொங்கி மேற்கே வழிந்தது. சொந்தக்காரர்களில் நாலு பேரை மட்டும் கூப்பிட்டிருந்தேன். தாரணி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கே ஒரு சத்தம் இருக்கிறது.

ஜூன் 14, சனி

சம்பந்தி தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் செய்கிறார். “சாப்டாளா?” என்கிறார். விளக்கேற்றியாயிற்றா என்று அர்த்தம். ஆயிற்று என்கிறேன். “அழறாளா?” என்கிறார். குழாய் சொட்டுகிறதா என்று அர்த்தம்.

ஜூன் 19, வியாழன்

காலையில் பின்கட்டுக் கதவு திறக்கவே இல்லை. பாத்திரம் கழுவும் பெண் அரைமணி நேரம் வெளியில் நின்றாள். எனக்குக் கோபம். போன் போட்டு, “இதுதான் நீங்க வளத்த லட்சணமுங்களா? வந்து ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள கதவச் சாத்தறா,” என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன பேசினேன் என்று எனக்கே உறைத்தது. அவருக்கோ ஏக சந்தோஷம். “ஒரு வார்த்த அதட்டாமப் பேசிப் பாருங்க சம்பந்தி,” என்றார்.

பேசிப் பார்த்தேன். திறந்தது. ஈரம் காய்ந்திருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

வெள்ளை வேஸ்டில் நல்லதாக ஒரு மூட்டை கட்டி, பூபதியிடம் கொடுத்து அந்த நாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். துடைக்க, கட்ட, கீழே விரிக்க எல்லாவற்றுக்கும் ஆகும். பேர் சொல்ல வேண்டாம் என்றேன். விளம்பரத்துக்காகத்தான். பேர் சொல்லாமல் என்ன விளம்பரம் என்று பூபதி கேட்டான். அவனுக்குத் தொழில் தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

நாய் ஆஸ்பத்திரி லீவு. மாடிக்குப் போகவில்லை. காற்றும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஆயில்யம் வேலையைக் காட்டிவிட்டது.

காலையில் சம்பந்திகள் இரண்டு பேரும் தாம்பாளத்தோடு வந்தார்கள். பழம், பூ, வெற்றிலை பாக்கு, வனஜாவுக்கு என்று ஒரு ஜோடி ஜன்னல் திரை. என்ன விசேஷம் என்றேன்.

“ஆடி பொறக்குதுங்களே சம்பந்தி. தலை ஆடிக்குப் பொண்ண அழைக்க வந்திருக்கோம்.”

நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

“எப்படிங்க அழைச்சிட்டுப் போவீங்க? லாரி வச்சா?”

“அது முடியாதுங்க. அதனால நாங்களே வந்து அவகூட ஒரு மாசம் இருந்துட்டுப் போறோம். நீங்க மாப்பிள்ளையக் கூட்டிட்டுக் கொஞ்சம் வெளிய இருந்துக்கணும். ஆடில ஒண்ணா இருக்கக் கூடாதுங்களே.”

“ஏனுங்க கூடாது?”

“சித்திரைல கொழந்த பொறக்கும்.”

“கம்பெனிக்கும் வீட்டுக்கும் என்னங்க பொறக்கும்? கார் ஷெட்டா?”

திருவேங்கடசாமி கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர்கள் பேசுகிற பேச்சா இது என்பதுபோல இருந்தது முகம். மாப்பிள்ளையின் போர்டு, சீல், செக் புக், எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று கணீரென்று சொன்னார்.

“சரி, நான் மட்டும் இருக்கறன். மாமியாளுக்கு என்ன தடை?”

“மாமியா இருந்தா அது அம்மா வீடா?” என்றார் வத்சலாம்மா. “பொண்ணு எப்படிங்க காலை நீட்டிப் படுக்கும்?”

நான் பத்திரத்தை எடுத்து வரப் போனேன். அந்தம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: “ஆடி, தீபாவளி, பொங்கல்னு சொன்னது நீங்கதானுங்களே? நாங்க ஒண்ணுமே கேக்கலையே.”

ஜூலை 8, செவ்வாய்

ஆடிட்டரிடம் கேட்டேன். சட்டப்படி அவர்களுக்கு ஒரு உரிமையும் இல்லை என்று சிரித்தார். எனக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் தொழிலில் பேரம் படிவது வாயால். பில்லும் ரசீதும் பிறகு வருவது. வாய் மாறினவள் என்று ஒரு தரம் பெயர் வந்தால் எந்தக் கம்பெனியும் வாசலில் விடாது. சீர் வாங்கும்போது நான் மாமியார், ஆடி வந்தால் நான் பத்திரத்துக்காரி என்றால், பூபதி அதை ஈரோடு வரைக்கும் கொண்டுபோவான்.

அலமாரியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். நல்ல அலமாரி.

ஜூலை 11, வெள்ளி

திருப்பூர் மேல் வீட்டில் கூரை வரைக்கும் மூட்டை. லாட்ஜில் தங்கலாம் என்றால் ஒரு மாதம் லாட்ஜ் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. வத்சலாம்மாவிடம் புலம்பினேன்.

“பக்கத்துலயே ஒரு ரூம் காலியா இருக்குங்க,” என்றார். “பின் சந்துல, டாக்டர் வீட்டு மாடில. எங்க பூனைய அங்கதான் காட்டுவோம். அந்தப் பொண்ணு நல்லாப் பழகும். கேட்டுப் பாருங்க.”

அந்தம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. குரலில் ஒன்றும் இல்லை. குரலில் ஒன்றும் இல்லாமல் பேசுகிறவர்கள்தான் நல்ல வியாபாரிகள்.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

காலையில் சம்பந்திகள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நான் பெட்டியோடு வாசலில் நின்றேன். ஜோசியர் சொன்ன அதே வாசல். மாப்பிள்ளையின் போர்டைப் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன், சீலும் செக் புக்கும் கைப்பையில். திருவேங்கடசாமி வனஜாவுக்கு ஆரத்தி எடுத்தார். எனக்கு, “பார்த்துப் போங்க சம்பந்தி,” என்று மட்டும்.

பின் சந்துக்கு நடந்து போகும் தூரம்தான். நான் சுற்றிக்கொண்டு போனேன். மார்க்கெட்டில் வேலை இருந்தது. வேலை என்னவென்று அங்கே போன பிறகு நினைவுக்கு வரவில்லை. திரும்பி வந்தேன்.

நாய் ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், “டோக்கன் வாங்கிக்கங்கம்மா,” என்று ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தாள். கொடுப்பதை வாங்கிப் பழக்கம், வாங்கி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பொமரேனியன், இன்னொரு பக்கம் கூண்டில் கிளி. எதிரில் பெரிய கறுப்பு நாயோடு ஒரு பெரியவர்.

“உங்களுது எங்கீங்க?” என்று கேட்டார்.

“உள்ள இருக்குதுங்க.”

“என்ன வயசு?”

“இருபத்தொம்பது.”

“அடேங்கப்பா!” அவர் தன் நாயைத் தடவினார். “அத்தன வருஷம் வச்சுக் காப்பாத்திட்டீங்களே. கடிக்குங்களா?”

“எங்க வம்சத்துல எல்லாமே கடிக்குங்க.”

அவர் நாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். கிளி கூப்பிட்டதைத் திருப்பிச் சொன்னது. கடைசியில் டாக்டரே வெளியே வந்தார். நல்ல உயரம், இடது கையில் கட்டு, கட்டியிருந்தது என்னுடைய வெள்ளைத் துணி. என்னைப் பார்த்து நின்றுவிட்டார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பையில் வைக்கப் போய், பையில்லாத பக்கத்தில் வைத்துக் கீழே போட்டார்.

“வாங்க,” என்றார். பிறகு மேலே பார்த்து, “தாரணி… கொஞ்சம் கீழ வா,” என்றார்.

வந்தாள். அதே பச்சை நைட்டி. கழுத்து தொங்கியிருந்தது. நான் சொன்னேன் அல்லவா?

படியிலேயே நின்றுகொண்டு, “எதுக்கு வந்த?” என்றாள்.

“மாடி ரூம் காலின்னு சொன்னாங்க. வாடகை என்ன?”

“கக்கத்துல என்ன?”

“கம்பெனி போர்டு. ஆடி பொறந்துருச்சு. மாப்பிள்ள பொண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு சம்பந்தி சொல்லிட்டாங்க.”

“எந்தச் சம்பந்தி? எந்தப் பொண்ணு?”

சொன்னேன். ஜாதகம், பொருத்தம், சீர், அழைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். பொமரேனியன்காரி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தாரணிக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

“வீட்டுக்குக்கூட ஆடி அழைக்கறாங்கம்மா,” என்றாள்.

நான் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வழுக்கியது. மறுபடி சாய்த்தேன்.

அந்தக் கறுப்பு நாய்க்காரர் எழுந்து, “அம்மா, எனக்கு அவசரம் இல்ல. நீங்க மொதல்ல காட்டிக்கங்க,” என்றார்.

“மேல வா,” என்றாள் அவள். பெட்டியை டாக்டர் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

அறையில் கிழக்கே ஒரு ஜன்னல். திறந்தால் நேராக வனஜாவின் மேற்கு ஜன்னல்.

“டெய்லி அங்க நின்னுட்டிருந்தியே, என்ன பண்ணின?” என்று தாரணி கேட்டாள்.

“காத்து.”

“இங்கயும் வரும். நானும் அந்நேரத்துக்கு இங்கதான் நிப்பேன்.”

வாடகை எவ்வளவு என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். விலை சொல்லாத சரக்கை எடுத்துக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை.

ஜூலை 24, வியாழன்

கீழே மருந்து அறையில் நான் அனுப்பிய மூட்டையைப் பார்த்தேன். துணிப் பட்டையால் நான் போடுகிற இரட்டை முடிச்சு அப்படியே இருக்கிறது. முடிச்சை அவிழ்க்காமல் சாக்கின் அடியைப் பிரித்துத் துணி எடுத்திருக்கிறார்கள். ஒரு நல்ல சாக்கு வீண். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“உன் முடிச்சப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு. அவர்தான் அவுக்க வேண்டாம்னாரு,” என்றாள்.

துடைக்கிற துணிக்கு வெட்டுகிற முறையை அந்த மேஜைப் பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்தேன். நாய்க்கு ஒரு அளவு, பூனைக்கு ஒரு அளவு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

சம்பந்திகள் ஆள் அனுப்பினார்கள். ஆடிப் பெருக்குக்கு வனஜாவில் விருந்து, மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேளை வந்து சாப்பிட்டுப் போகலாமாம். தாரணியையும் டாக்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். கலந்த சாதத்திலேயே ஆறு வகை. என் சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வத்சலாம்மா டாக்டரிடம் பூனையைப் பற்றிப் பேசினார். தாரணியிடம், “அம்மாவுக்கு ஓமம் போட்ட பஜ்ஜின்னா ரொம்ப இஷ்டம். எது கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க,” என்றார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பூபதியும் பந்தியில் இருந்தான். “அக்கா, ஒரு கமிஷன்தான் குடுத்தீங்க,” என்று காதோடு சொன்னான். பாயசத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு பூனைக்குக் குட்டி போட முடியவில்லை. டாக்டர் தூக்கமில்லாமல் பார்த்தார். நான் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று குட்டி. கை சுத்தம், அவசரம் இல்லாத ஆள். வேலை செய்கிறவனை வேலை செய்யும்போதுதான் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறவள்.

ஆகஸ்ட் 16, சனி

நாளை ஆவணி. ஆடிக்கு வந்த பெண்ணைச் சீரோடுதான் அனுப்ப வேண்டும் என்று தாரணி ஒரு கூடையில் பழம், அதிரசம், ஒரு நைட்டி வைத்திருக்கிறாள். “நீதான் வந்தவ, நான் அனுப்பறவ,” என்கிறாள். நைட்டியின் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்த்தேன். திரும்பி வந்தது.

“பார்த்துத்தான் வாங்கினேன்,” என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, ஆவணி 1

சம்பந்திகள் வனஜாவை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் அம்மா வீட்டில் உடம்பு தேறியிருக்கிறாள். மேல் ஓடு மாற்றியிருக்கிறார்கள், பின்கட்டுக் கதவைச் சீவியிருக்கிறார்கள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்க வருவார்களாம். சரி என்றேன். அந்த போர்டு வடவள்ளிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும்.

அவர்கள் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. மாடிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சத்தம். முதலில் என்னவென்று புரியவில்லை. காலிங் பெல். அதையும் சரி செய்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்தேன். தாரணி. அவளுக்குப் பின்னால் போர்டைத் தூக்கிக்கொண்டு அவர்.

“இத மறந்துட்டு வந்துட்ட,” என்றாள்.

மறக்கவில்லை. போர்டு இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை. “சாப்ட்டுட்டுத்தான் போகணும்,” என்றேன்.

அவர் போர்டை மாட்டக் கையைத் தூக்கியபோது தோளைப் பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்குச் சட்டை நாற்பத்திரண்டு. இரண்டு மாதம் இருக்கிறது தீபாவளிக்கு. செகண்ட்ஸ் கூடாது. முதல் தரத்தில் எடுக்க வேண்டும்.